ஆமி எடுத்த இங்கிலீசு ஊரில் நான் பதிந்த நான்கெல்லை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூட வந்த இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். அவள் கண்ணை மூடிய பிறகு என் பாயில் படுத்து வளர்ந்தவர்கள். எட்டில் ஒன்றையும் அடுத்த வீட்டு வாசலில் சோற்றுக்கு நிற்க விட்டதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு கடிதம் எழுத எனக்கு அரை நாள் செல்லும். ஆனால் காணி உறுதிப் பத்திரத்தை அடி நுனி பிசகாமல் வாசிப்பேன். எங்கள் பக்கத்தில் உறுதி வாசிக்கத் தெரிந்த மனுஷியை எவரும் ஏமாற்ற முடியாது.

லண்டனில், செவன் கிங்ஸில் என் இரண்டாவது மகன் பரா வீட்டுக்கு வந்தது கண்ணைக் காட்ட. தொண்ணூற்றுநாலாம் ஆண்டு வைகாசியில் வந்தேன். கார்த்திகையில் திரும்பிப் போக ரிக்கற் இருந்தது. இவர் வரவில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர். ஊரை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்றார். அவர் ஊரை விட்டு நாலு வருஷம் என்பதை அவருக்கு யார் சொல்வது?

எங்கள் ஊர் வசாவிளான். எங்களை எழுப்பிவிட்டு அங்கே இப்போது ஆமி இருக்கிறது, அரசாங்கத்துப் பட்டாளம்; ஆட்கள் இல்லை. முதலில் ஒரு கிழமையில் திரும்பலாம் என்றார்கள், பிறகு ஆறு மாதம் என்றார்கள். நாங்கள் மானிப்பாயில், இவருடைய மச்சான் காணியில், தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டிலில் இருக்கிறோம். அந்த மச்சான் நல்ல மனுஷன். மூன்று பரப்புக் காணியை எழுதித் தருகிறேன், கல்வீடாகக் கட்டுங்கள், ஐப்பசிக்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். இவர் சம்மதிக்கவில்லை. வேறு ஊரில் அத்திவாரம் போட்டால் வசாவிளானைக் கைகழுவிவிட்டதாக அர்த்தமாம். கொட்டிலைச் சுற்றி ஒரு வாழைக்குட்டி நட விடமாட்டார். வாழை குலை தள்ள ஒரு வருஷம் செல்லும், அதுவரை ஏன் இங்கே இருக்கப்போகிறோம் என்பார். கீரை மட்டும் போடலாம்.

நான் வெளிக்கிட்ட அன்று வேலிப் படலையடியில் நின்று சொன்னார். "லண்டனில படிச்ச ஆக்கள் இருக்கினம். நல்லா விசாரி. ஊரை விடமாட்டாங்கள் எண்டு உனக்குப் பட்டால் எழுது, நான் தையில அத்திவாரம் போடுறன். விடுவாங்கள் எண்டால் பேசாமல் வா. நீ எழுதிறதைத்தான் நான் கேப்பன்."

ஐம்பத்துமூன்று வருஷக் குடும்பத்தில் முடிவெல்லாம் நான்தான் எடுத்தேன். இதையும் என் தலையில் வைத்துவிட்டார். நான் ஆவணி மாதம்வரை ஒன்றும் எழுதவில்லை. எழுதினாலும் "பொறுத்திருங்கோ" என்றுதான் எழுதியிருப்பேன்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

பராவின் மகள் கௌசிக்குப் பதினாலு வயது. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்துக்கு ஒரு சின்ன ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தேடிப் பிடித்த ஊர் மேற்குப் பக்கம், ஒரு பெரிய வெட்டவெளிக்கு நடுவில் இருக்கிறது. வருஷத்தில் சில நாட்கள்தான் உள்ளே விடுவார்கள். ஆவணிக் கடைசியில் வரும் நீண்ட லீவில் அதில் ஒரு நாள்.

"ஏன் மற்ற நாளில விடுறேல்லை?" என்று கேட்டேன்.

"ஆமி இருக்கு அப்பம்மா. சண்டைக் காலத்தில எடுத்தவை."

"எந்தச் சண்டை?"

"ஹிட்லர் சண்டை."

 நானும் வருகிறேன் என்றேன். மருமகள், ஏன் மாமி உங்களுக்கு இந்த அலைச்சல் என்றாள். நான் காலணியைத் தேடத் தொடங்கினேன்.

சனிக்கிழமை காலையில் வெளிக்கிட்டோம். பரா ஹவுன்ஸ்லோப் பக்கம் ஏர்போட்டில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. ஷிப்ட் மாறி மூன்று நாள் லீவு எடுத்திருந்தான். அவனுடைய கார் பழுதென்று கடைக்காரச் சிநேகிதன் ஒருவனின் வான் வண்டியை இரவல் வாங்கி வந்தான். அதற்குள் கருவாட்டு மணம். கௌசி சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த மணம் ஒன்றும் செய்யவில்லை, பசியைத்தான் கிளப்பியது.

இரண்டு மணித்தியாலம் ஓடியிருக்கும். மோட்டர்வேயில் வான் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றது. பெல்ட் அறுந்துவிட்டதாம். வானுக்குள் இருக்கக் கூடாது என்று எங்களைப் புல் மேட்டில் ஏற்றி நிற்கவைத்தான் பரா. பக்கத்தில் ஆயிரம் வண்டி பறந்தது, ஒன்றும் நிற்கவில்லை. எங்கள் றோட்டில் வண்டி நின்றால் பத்துப் பேர் கூடுவார்கள். பத்துப் பேரும் பத்து விதமாய்ப் பிழை சொல்வார்கள், கடைசியில் ஒருவன் தள்ளுவான். இங்கே தள்ள ஒருவன் வர ஒன்றரை மணித்தியாலம் சென்றது. மஞ்சள் சட்டை போட்ட பெரிய உடம்புக்காரன். அதுவரை சும்மா நிற்பானேன் என்று நான் சீலைத் துண்டை விரித்து இடியப்பத்தையும் சம்பலையும் எடுத்துவிட்டேன்.

வந்தவன் வானின் கதவைத் திறந்தவுடன் ஒரு அடி பின்னுக்குப் போனான். பராவிடம் ஏதோ கேட்டான்.

"என்னவாம்?"

"உள்ளுக்க ஏதும் செத்துக் கிடக்கோ எண்டு கேக்கிறான் அம்மா."

"மீன் செத்துக் கனகாலம் எண்டு சொல்லு."

பரா அதை அப்படியே சொல்லியிருக்க வேண்டும். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். நான் ஒரு கடலை வடையைக் கொடுத்தேன். வாங்கிக் கடித்தான், கண் நிறையத் தண்ணீர் வந்தது, ஆனாலும் துப்பவில்லை. பெல்ட்டைப் பூட்டி முடித்த பிறகு தானாகவே இன்னொன்று கேட்டான். இந்த நாட்டில் அன்று நான் கண்ட ஒரே சந்தோஷம் அந்த மனுஷன்தான்.

அன்றிரவு தங்கியது அந்த வெட்டவெளிக்குப் பக்கத்து ரவுணில், ஒரு சின்னப் பட்டணத்தில், பராவுக்குத் தெரிந்த டாக்டர் வீட்டில். அவர்கள் தமிழ்நாட்டுக்காரர். டாக்டரின் மனைவி கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "வாங்கம்மா, உட்காருங்க. இட்லி சாப்பிடுவீங்கல்ல?" இட்லி பஞ்சு மாதிரி. சாம்பாரில் மட்டும் சீனி போட்டதுபோல ஒரு தித்திப்பு. சொல்லவில்லை. சாப்பிடும்போது கேட்டார், "உங்க ஊர்ல சொந்த வீடு இருக்காம்மா?"

"ஓம், இருக்கு" என்றேன்.

"இப்ப யாரு பாத்துக்கறாங்க?"

பரா தலையைக் குனிந்துகொண்டான். "ஆமி பாக்குது" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. பாதுகாப்பாத்தான் இருக்கும் என்று சொல்லி இன்னொரு இட்லி வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. மழை இல்லை, காற்று மட்டும். ரவுணை விட்டு ஏறியதும் வீடே இல்லாத ஒரு மேட்டு நிலம். பத்து மைலுக்கு ஒரு மனுஷக் குடி இல்லை. றோட்டின் இரண்டு பக்கமும் பலகை நட்டு எழுதியிருந்தது. கௌசி வாசித்தாள். பாதையை விட்டு இறங்கக் கூடாது, வெடிக்காத குண்டுகள் கிடக்கும், உயிருக்கு ஆபத்து. கம்பத்தில் சிவப்புக் கொடி சுருட்டிக் கட்டியிருந்தது. பழைய டாங்கி ஒன்று துருப்பிடித்துக் கவிழ்ந்து கிடந்தது. இதெல்லாம் எனக்குப் புதிதில்லை. புல் மட்டும்தான் புதிது. இவ்வளவு பச்சையான புல்லுக்குக் கீழே வெடி கிடக்கும் என்று நான் நினைத்ததில்லை.

வாசல் கேற்றில் ஒரு ஆமிப் பொடியன். இருபது வயது இராது. வானை நிற்பாட்டி உள்ளே எட்டிப் பார்த்தான். என் கை தானாக மடிக்குள் போனது, அடையாள அட்டையை எடுக்க. அவன் கேட்கவில்லை. காலை வணக்கம் சொன்னான். கௌசிக்கு ஒரு கடதாசி தந்தான். கை காட்டிப் போகவிட்டான். கொஞ்சத் தூரம் போன பிறகும் நான் அட்டையைப் பிடித்தபடியே இருந்தேன்.

ஊர் ஒரு பள்ளத்துக்குள் கிடக்கிறது. அதன் பெயர் என் வாயில் நுழையாது, அதனால் எழுதவில்லை. இரண்டு மேட்டுக்கு நடுவே ஒரே ஒரு தெரு, தெருவை ஒட்டி ஒரு ஓடை. ஓடையில் தண்ணீர் இல்லை. கோடையில் வற்றி, மாரியில் நிலத்துக்கடியிலிருந்து தானாகப் பொங்கி வருமாம். நான் இறங்கியதும் செய்த முதல் வேலை மண்ணைப் பார்த்தது. பாதையோரத்தில் ஒரு பிடி எடுத்துக் கசக்கினேன். வெள்ளை. சுண்ணாம்பு. இடையிடையே கறுத்த கண்ணாடி மாதிரிக் கல். எங்கள் ஊருக்கும் கீழே சுண்ணாம்புக்கல்தான், ஆனால் மேலே இரத்தச் சிவப்பில் மண் இருக்கிறது. இங்கே மேல் மண் ஒரு விரல் கனம். வெங்காயம் வராது. புகையிலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"அப்பம்மா, கையைத் துடையுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். மண் பாக்கிறது களவே?"

வீடுகள் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. யன்னலும் கதவும் இல்லாத சதுரச் சுவர்களை ஆமி கட்டி வைத்திருக்கிறது, வீட்டுக்கு வீடு சண்டை பிடிக்கப் பழகுவதற்கு. பழைய வீடுகளில் நாலைந்து மட்டும் கூரை இல்லாமல் நிற்கிறது. கோயிலை, அதாவது வெள்ளைக்காரரின் வேதக் கோயிலை, முள்ளுக்கம்பி போட்டு விட்டுவைத்திருக்கிறார்கள். எழுநூறு வருஷத்துக் கோயில். அன்றைக்கு மட்டும் கம்பி வேலியைத் திறந்திருந்தார்கள்.

உள்ளே கிழவன் கிழவிகள் ஒரு இருபது பேர். நல்ல உடுப்பு, தொப்பி, சட்டையில் பூக்குத்தி.

"இவை எல்லாம் முந்தி இந்த ஊரில இருந்த ஆக்களாம்" என்றாள் கௌசி. சொல்லிவிட்டுப் படம் எடுக்க வெளியே ஓடினாள். பரா வானைத் திருப்பி விடப் போயிருந்தான்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேசையில் விரித்த பெரிய புத்தகம். பேனையை நூலில் கட்டியிருந்தது. கிழவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராய் எழுதினார்கள். எட்டிப் பார்த்தேன். முதலில் பெயர், பிறகு விலாசம், அது எனக்கு விளங்கும். பிறகு ஒரு வரி.

இந்த நாலு வருஷத்தில் நான் பதியாத புத்தகம் இல்லை. பள்ளிக்கூட முகாமில் பதிந்தோம், ஊர் அதிகாரி விதானையாரிடம் பதிந்தோம், சங்கக்கடையில் நிவாரண அரிசிக்குப் பதிந்தோம், அரசாங்கக் கச்சேரியில் இழந்த சொத்துக்குப் பதிந்தோம். மேசை கண்ட இடத்தில் பதியவேண்டும். ஒரு நாள் தப்பினால் ஒரு மாத அரிசி போகும். ஆமி எடுத்த ஊர், அந்த ஊர்க் கிழவர்கள், வரிசை, புத்தகம், கட்டிய பேனை. நான் வேறு எதை நினைப்பேன்? எங்கள் நாட்டையும் ஆண்டவர்கள் இவர்கள்தானே, இவர்களுடைய புத்தகத்தில் ஏறினால் அங்கேயும் ஒரு சொல் போகும் என்று பட்டது. வரிசையில் நின்றேன்.

என் முறை வந்தது. உறுதியில் உள்ளபடி எழுதினேன். வசாவிளானில், நாவலடி என்னும் பெயருள்ள காணி, பரப்பு ஏழு, குழி பன்னிரண்டு. கிழக்கு ஒழுங்கை, வடக்கு செல்லம்மாவின் காணி, மேற்கு எனது தமையனின் சீதனக் காணி... இல்லை, தமையனின் மனைவியின் சீதனக் காணி, வெட்டித் திருத்தினேன். தெற்கு கோயில் வீதி. இந்நான்கெல்லைக்கு உட்பட்ட கல்வீடு, பயன்மரம், பனை பதினொன்று, கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள மூன்றிலொரு பங்கும் பாத்தியதையும். கீழே எங்கள் இரண்டு பேரின் பெயர். பிள்ளைகளின் பெயர், எட்டும். ஒரு பக்கம் நிறைந்து மற்றப் பக்கத்தில் பாதி போனது. பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். ஒருவரும் முறுமுறுக்கவில்லை. எங்கள் சங்கக்கடை வரிசையாக இருந்தால் என்னைத் தூக்கி வெளியே வைத்திருப்பார்கள்.

பரா வந்து பார்த்தான். முகம் வெளிறிப்போனது.

"அம்மா, என்ன எழுதிறியள்?"

"பதியிறன்."

"இது பதியிற புத்தகம் இல்லை. பாக்க வந்த ஆக்கள் பேர் எழுதிற புத்தகம். நல்ல இடம், வடிவா இருக்கு எண்டு எழுதிறது. ஐயோ அம்மா, ஒன்றரைப் பக்கம். அந்தத் தாளைக் கிழிப்பமே?"

"கைவைக்காதை. எழுதினது எழுதினதுதான்."

சத்தம் போடாமல் சொன்னேன். ஆனால் காது இரண்டும் கொதித்தது. எனக்குப் பிழை விட்டுப் பழக்கமில்லை.

எனக்கு அடுத்ததாக நின்ற கிழவி பேனையை எடுத்தாள், ஆனால் எழுதவில்லை. என் எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மெலிந்த உடம்பு, நேரான முதுகு. அதற்குள் கௌசி வந்துவிட்டாள். கிழவி அவளிடம் ஏதோ கேட்டாள். கௌசிக்கு வெட்கம், என்னைப் பார்த்தாள். "வாசிச்சுச் சொல்லு" என்றேன். பிள்ளை கிழக்கு மேற்கெல்லாம் இங்கிலீசில் சொன்னாள். பாத்தியதைக்கு அவளுக்குச் சொல் வரவில்லை, பரா எடுத்துக் கொடுத்தான். கிழவி பனை எத்தனை என்று இரண்டாம் தரம் கேட்டாள். பிறகு தன் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தாள். அவளுடைய பெயர் ஐவி.

ஐவிக்கு எழுபது வயது. இந்த ஊரில் தச்சுவேலை செய்தவரின் மகள். தன் வீட்டைக் காட்டுகிறேன் வா என்று கூட்டிப்போனாள். அவள் சொல்லச் சொல்லக் கௌசி தமிழில் சொன்னாள். சரித்திரமும் பூமிசாத்திரமும் அங்கேதான் கேட்டேன்.

செம்மறி ஆட்டு ஊர். ஒரு காலத்தில் ஆட்டு மயிர் விற்று நல்லாய் இருந்தார்களாம், கோயில் அந்தக் காசில் கட்டியது. பிறகு விலை விழுந்து சனம் ஒவ்வொன்றாய் வெளியேறி, கடைசியில் முப்பது வீடு. வாற்கோதுமை கொஞ்சம் விதைப்பார்கள். கிணறு முப்பது ஆள் ஆழமாம். கழுதை கட்டி இழுத்தார்களாம்.

"கிணறு ஆற்றை பங்கு?" என்று கேட்டேன்.

"ஊருக்குப் பொதுவாம் அப்பம்மா."

"அப்ப வழக்கு இருந்திருக்காது."

கௌசி அதைச் சொன்னாள். ஐவி சிரித்தாள். "வழக்கு இல்லை, ஆனா ஆர் முதல் அள்ளுறது எண்டு என்ர அம்மாவும் பக்கத்து வீட்டு மனுசியும் பத்து வருசம் கதைக்கேல்லையாம்."

நல்ல ஊர்தான் என்று நினைத்தேன்.

ஐவிக்குப் பத்தொன்பது வயதில் ஆமி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்து, ஒரு மாதத் தவணை, அமெரிக்க ஆமி பழகுவதற்கு ஊர் வேண்டும், சண்டை முடியத் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் மறுக்கவில்லை. நாட்டுக்காகத்தானே. சண்டை முடிந்தது. தரவில்லை. எழுதிப் பார்த்தார்கள், ஊர்வலம் போனார்கள், விசாரணையும் வைத்தார்கள். முடிவில், ஊர் தேவைப்படுகிறது என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்ததாம்.

அவளுடைய வீட்டில் ஒரு அடுப்புச் சுவர்தான் நின்றது. அதன்மேல் ஒரு செடி முளைத்திருந்தது. நாங்கள் கல்லில் இருந்தோம். ஐவி முட்டை வைத்த பாண் ரொட்டித் துண்டைப் பாதி பிய்த்துத் தந்தாள். உப்புமில்லை, உறைப்புமில்லை. தின்றேன்.

"அதுக்குப் பிறகு எங்க இருந்தியள் எண்டு கேள்."

பக்கத்து ரவுணில் வாடகை வீடு. ஐவி அதைப் பற்றிச் சொல்ல, கௌசி என் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"இவவின்ர அப்பா சாமானைக் கயிறு போட்டுக் கட்டினபடியே வைச்சிருந்தவராம். எப்பிடியும் திரும்பிப் போறம்தானே, ஏன் அவிழ்ப்பான் எண்டு. ஒரு படம்கூடச் சுவரில கொழுவ விடமாட்டாராம். தச்சுவேலைக்காரன், தன்ர வீட்டில ஒரு தட்டு அடிக்கேல்லையாம். அம்மா ரெண்டு சட்டியில சமைச்சவவாம். மிச்சம் எல்லாம் பெட்டிக்குள்ள."

"எத்தினை வருசம்?"

"பதினாறு."

"பிறகு அவிழ்த்தவரோ?"

கௌசி கேட்டாள். ஐவி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள்.

"இல்லையாம். செத்த பிறகு இவதான் கத்தியால வெட்டினவவாம். கயிறு அவிழேல்லையாம், இறுகிப்போச்சாம். அவரைக் கொண்டுவந்து இந்தக் கோயிலில தாட்டதாம். செத்த ஆக்களை ஆமி உள்ள விடுமாம்."

மானிப்பாய்க் கொட்டிலில் எனக்கும் இரண்டு பானைதான். மூன்றாவது ஒன்று வாங்க நாலு வருஷமாய் இவர் விடவில்லை.

எனக்கு ஒன்று கேட்கவேண்டி இருந்தது.  கடைசியில் கேட்டேன். "எங்கட ஆமி எங்கட ஊரை விடுமோ எண்டு இந்த மனுசி என்ன நினைக்கிறா, கேள்."

கௌசி கேட்டாள். ஐவி பாண் துகளை மடியிலிருந்து தட்டினாள். பிறகு சொன்னதை கௌசி அப்படியே தமிழாக்கினாள்.

"உங்கட ஆமியைப் பற்றித் தனக்கு ஒண்டும் தெரியாதாம். எங்களை ஊரைவிட்டு எழுப்பினது எங்கட சொந்த ஆமி, எங்கட பாசை பேசின ஆமி, எங்களோட இதே கோயில்ல கும்பிட்ட ஆமி எண்டு சொல்லுறா."



திரும்பி வரும்போது கோயில் மேசையில் ஐவி தன் வரியை எழுதினாள். நான் கௌசியை வாசிக்கச் சொன்னேன். ஐவி சொன்னபடி, ஆமி முதல் முறை உள்ளே விட்டபோது தகப்பன் பெயரையும் வீட்டுப் பெயரையும் எழுதினாளாம், தமையன் திரும்பி வருவோம் என்று எழுதினானாம். இப்போது எழுதியிருந்தது: இன்று நல்ல வெயில், கொஞ்சம் காற்று.

"இந்தப் புத்தகத்தை ஆர் வாசிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லையாம் அப்பம்மா. முடிஞ்சால் அலுமாரிக்குள்ள வைக்கிறதாம்."

திங்கட்கிழமை லண்டனுக்குத் திரும்பினோம். வான் வழியில் ஒரு குறையும் வைக்கவில்லை. தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் நான் இறங்கவில்லை. அந்த வெள்ளை மண் நகத்துக்குள் இருந்தது. முன்னே எப்போதும் ஒரு ஊரைப் பார்த்தால் ஒரு குறையும் ஒரு நிறையும் சொல்வேன். இந்த ஊருக்கு எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. அது பொல்லாத ஊர் இல்லை. பொல்லாத ஆமியும் இல்லை. அதுதான் என்னை உட்கார விடவில்லை. பொல்லாதவர்கள் என்றால் ஒரு நாள் தோற்பார்கள், போவார்கள் என்று நினைக்கலாம். நல்லவர்களே ஐம்பது வருஷம் வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை பராவிடம் சொன்னேன், அப்பாவுக்குக் கடிதம் எழுதப்போகிறேன், அத்திவாரம் போடச் சொல்லி. பிளேஸ்டோவில் ஒருவர் வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிறார், அவர் கையில் கொடுக்கலாம். பரா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? அங்க இப்பதான் புது அரசாங்கம் வந்திருக்கு. பேச்சுவார்த்தை எண்டு கதைக்கினம். ஊருக்குப் பாதை திறக்கப்போகுது எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லினம். இந்த நேரத்தில போய் அப்பாவின்ர வாயில மண்ணைப் போடப் போறியளே?"

"பேச்சுவார்த்தை நடக்கட்டும். நான் வேண்டாம் எண்டனானே?"

"அவர் அதை நம்பித்தான் இருக்கிறார் அம்மா. அதை எடுத்தால் மனுசன் விழுந்துபோவார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமே?"

"எழுபத்தாறு வயசு மனுசன். இன்னும் பதினாறு வருசம் ரெண்டு பானையோட இருத்தச் சொல்லுறியோ?"

அவன் ஷிப்டுக்குப் போய்விட்டான். போகும்போது கதவைச் சாத்திய சத்தம் மாடிவரை கேட்டது. அவன் சொன்னதில் பிழை இல்லை. நாலு வருஷமாய் அந்த மனுஷன் காலையில் எழும்புவதே, இன்றைக்கு ஏதும் கதை வந்ததா என்று சந்திக்குப் போகத்தான். அந்தக் கதை வேண்டாம், சீமெந்து வாங்குங்கோ என்று நான் எழுதினால் அவர் என்ன செய்வார்? வாங்குவார். நான் எழுதுவதைக் கேட்பேன் என்று சொன்ன மனுஷன். வாங்கிக் கட்டி, அந்த வீட்டுக்குள் இருந்து, என்னை மன்னிக்கமாட்டார். எட்டுப் பிள்ளைக்கும் கசப்பு மருந்து பருக்கியவள் நான். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும். இவருக்கு எதைப் பிடிப்பது?

புதன்கிழமை விடியத் தொடங்கி மத்தியானம்வரை எழுதினேன். வேறு ஆளைக்கொண்டு எழுதுவித்தால் இவர் நம்பமாட்டார், என் கோணல் எழுத்தே வேண்டும். நாலு தாள் கிழித்தேன். ஐவியைப் பற்றி எழுதி, பிறகு வெட்டினேன். வெள்ளைக்காரிக்கு நடந்தது எனக்கென்ன என்று கேட்பார். கடைசியில் இவ்வளவுதான் நின்றது.

"நான் சுகம். கண் சுகம். விசாரித்தேன். விடமாட்டார்கள் என்று எனக்குப் பட்டிருக்கிறது. மச்சானிடம் அந்த மூன்று பரப்பையும் எழுதுவியுங்கோ. தையில் நாள் பார்த்து அத்திவாரம் போடுங்கோ, நான் வந்து நிற்கிறேன். வாசல் எந்தப் பக்கம் என்பது உங்கள் விருப்பம். வசாவிளான் உறுதி எங்கள் பெயரில்தான் இருக்கும், அதை ஒருவரும் அழிக்க ஏலாது. ஆனால் ஆறு மாதம் என்று இனி எவரிடமும் சொல்லவேண்டாம், என்னிடமும் சொல்லவேண்டாம். வேலியோரம் வாழை நடுங்கோ."

கையெழுத்து வைத்தேன். என் கண்ணுக்கு எழுத்து நீந்துகிறது, சரியோ பிழையோ தெரியவில்லை. பள்ளிக்கூட லீவென்று மாடியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கௌசியைக் கூப்பிட்டேன்.

"இஞ்ச வா பிள்ளை. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு. ஆறுதலா வாசி. எங்கையாவது நான் அழுது எழுதின மாதிரிக் கேட்டால் அதில நிப்பாட்டு, அந்த இடத்தைத் திருப்பி எழுதிறன்."